மாணவர் மாணவரை ஆற்றுப்படுத்தல்

'ஆற்றுப்படை' என்னும் சொல்லைத் தமிழ் பயின்றோர் அனைவரும் அறிவர். 'ஆறு' என்றால் வழி. 'படுத்தல்' என்றால் அவ்வழியிற் செலுத்துதல். வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வறுமையால் வாடி எதிரே வரும் மற்றொரு கலைஞனைக் காண்கிறான். அவனை நிழலில் இருத்தி, "நானும் உன்னைப் போல் இருந்தவனே, இன்ன வழியாகச் சென்று இன்னாரைக் காண்க" என்று கூறி அனுப்புகிறான். பத்துப்பாட்டில் சரிபாதி, அதாவது ஐந்து நூல்கள், இவ்வகையைச் சேர்ந்தவை. இக்காலத்தில் மனம் தளர்ந்தவர்க்கு உதவும் உளவியற் பணியைக் குறிக்கவும் நம் அறிஞர்கள் இதே சொல்லை எடுத்தாள்கின்றனர். அப்பணியைச் செய்பவர் 'ஆற்றுப்படுத்துநர்' எனப்படுகிறார்.

கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் மாணவர்கள் தம் தோழர்களின் மனநலத்தைக் காக்க மேற்கொண்ட முயற்சிகளே இப்பாடத்தின் பொருள். அவை ஏன் தேவைப்பட்டன, எவ்வாறு நடந்தன, அவற்றின் எல்லை யாது என்பவற்றை முறையாகக் காண்போம். திருவள்ளூர், கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதிகளில் வாழும் பிள்ளைகளை மனத்திற் கொண்டே இதனை எழுதுகிறோம். பெருந்தொற்று நீங்கிவிட்டது, அது கற்பித்த பாடம் நீங்கிவிடலாகாது.

1. வீட்டுக்குள் அடங்கிய பள்ளி

உலக நலவாழ்வு நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று கொரோனாவைப் பெருந்தொற்று என அறிவித்தது. அம்மாத நடுவில் தமிழகப் பள்ளிகள் மூடப்பட்டன. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் பொதுமுடக்கம் நடைமுறைக்கு வந்தது. ஜூன் 9 அன்று பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நீக்கப்பட்டு, அனைவரும் தேர்ச்சி என்ற அறிவிப்பு வெளியாயிற்று. 2021 ஜனவரி 19 அன்று பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகள் திறந்தன. பின்னர் ஒன்பதும் பதினொன்றும் திறந்தன. இரண்டாம் அலை எழவே மீண்டும் கதவுகள் சாத்தப்பட்டன. ஜூன் 5 அன்று பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வும் நீக்கப்பட்டது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகள் 2021 செப்டம்பர் 1 அன்றும், ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் நவம்பர் 1 அன்றும் மீண்டும் தொடங்கின. ஆகவே எட்டாம் வகுப்புக்கு உட்பட்ட சிறார் ஏறத்தாழ 19 திங்கள் பள்ளி வாயிலை மிதிக்கவே இல்லை.

தேர்வில்லாத் தேர்ச்சி பிள்ளைகளுக்கு மகிழ்ச்சியே தந்திருக்கும் என்று பெரியோர் பலர் எண்ணினர். உண்மை வேறு. நன்றாக உழைத்த மாணவிக்குத் தன் உழைப்பைக் காட்ட இடம் இல்லாமற் போயிற்று. தளர்ந்திருந்த மாணவனுக்கோ தன் தளர்ச்சியை மறைத்துக்கொள்ள வாய்ப்புக் கிடைத்தது. இரண்டும் மனத்தை அரிப்பவையே.

இனி நம் பகுதியைப் பார்ப்போம். சென்னைக்கு வடக்கே ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழில் வளாகம் உள்ளது. இரும்பு ஆலைகளும் பிற தொழிற்சாலைகளும் அங்கு இயங்குகின்றன. இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமும் அவ்வூரில் உண்டு. மாவட்டத்தின் செங்கற்சூளைகளில் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள் வேலை செய்கின்றன. பொதுமுடக்கத்தில் ஆலைகள் நின்றன; புறநகர் மின்தொடர் வண்டிகளும் நின்றன. நாட்கூலியை நம்பிய வீடுகளில் அடுப்பெரிவதே பெரும்பாடாயிற்று.

முன்னாளில் எம்மிடம் பயிற்சி பெற்று இப்பகுதிப் பள்ளிகளிற் பணியாற்றும் ஆசிரியைகள் அக்காலத்தில் எம்மோடு தொலைபேசியிற் பேசுவதுண்டு. அவர்கள் உரைத்தவை இன்னும் நம் செவியில் உள்ளன. ஒற்றை அறை கொண்ட வரிசை வீடு. ஆலைகள் மீண்டும் திறந்தபின், இரவு ஷிப்டு முடித்து வந்த தந்தை பகலில் உறங்குவார். அவர் உறக்கம் கலையாதபடி, சுவரை நோக்கி அமர்ந்து, கைப்பேசியைச் செவியோடு சேர்த்துப் பாடம் கேட்கும் பிள்ளை. அக்கைப்பேசியும் வீட்டுக்கு ஒன்றே. அதற்காகக் காத்திருக்கும் தங்கை. இந்நிலையில் அப்பிள்ளை தன் அச்சத்தை எவரிடம் வாய்விட்டுக் கூற இயலும்?

இரண்டாம் அலையில் தாய் தந்தையரை இழந்த பிள்ளைகளும் உளர். பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளின் பெயரில் 5 இலட்சம் ரூபாய் வைப்பீடு செய்யப்படும் என 2021 மே மாத இறுதியில் தமிழக அரசு அறிவித்தது. பொருட் காப்பு மிகத் தேவையானதே. ஆயின் இழப்பைப் பற்றிப் பேச ஒரு துணையும் அப்பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டது.

2. ஆசிரியர் கண் இழந்ததும் தோழர் கண் கண்டதும்

ஆசிரியப் பயிற்சியில் நாம் வலியுறுத்திக் கூறும் செய்தி ஒன்றுண்டு. பாடம் நடத்துபவர் கரும்பலகையைப் பார்க்கும் நேரத்தைக் காட்டிலும் முகங்களைப் பார்க்கும் நேரம் மிகுதியாக இருத்தல் வேண்டும். முன் வரிசையில் அமர்பவன் திடீரெனக் கடைசி வரிசைக்குப் போனால், நண்பகல் உணவு திறக்கப்படாமலே வீடு திரும்பினால், கையெழுத்து ஒரே வாரத்தில் சிதைந்தால் அங்கே ஏதோ நிகழ்ந்திருக்கிறது என்று பொருள்.

இணையவழி வகுப்பில் இக்கண் மூடிக்கொண்டது. திரையில் பெயர்கள் மட்டுமே தெரிந்தன. அப்போது தோழரின் கண் திறந்தே இருந்தது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலிருந்து சொல்லாமல் வெளியேறியவன் யார், நள்ளிரவு இரண்டு மணிக்கும் விழித்திருப்பவள் யார், வேடிக்கை போல் "நான் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன" என்று எழுதுபவர் யார் என்பதை மாணவரே முதலில் அறிந்தனர்.

ஒரு நிகழ்ச்சி. பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் குழுவிலிருந்து விலகி, அழைப்புகளை ஏற்பதையும் நிறுத்தினான். தோழர் இருவர் மிதிவண்டியில் அவன் வீடு தேடிச் சென்றனர். தந்தைக்குக் கூலி நின்றுபோனதால் அவன் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். இனிப் படிப்பில்லை என்ற முடிவில் எவரையும் காண நாணினான். அவர்கள் அறிவுரை கூறவில்லை. சிறிது நேரம் உடனிருந்துவிட்டு, "மிஸ்ஸிடம் சொல்லட்டுமா?" என்று மட்டும் கேட்டனர். அவன் தலையசைத்தான். அதன்பின் வகுப்பாசிரியை தந்தையோடு பேசினார். செப்டம்பரில் பள்ளி திறந்தபோது அவன் வந்திருந்தான். அம்மாணவர் இருவரும் ஆற்றுப்படை படித்தவரோ அறியோம். அதன் இலக்கணத்தை முழுமையாக நிறைவேற்றினர்.

3. மாணவர் தொடங்கிய முன் முயற்சிகள்

மாணவர் துயரை மாணவரே கேட்கும் முறை பெருந்தொற்றில் பிறந்ததன்று. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1970ஆம் ஆண்டு 'நைட்லைன்' என்னும் இரவுத் தொலைபேசிச் சேவை தொடங்கிற்று. பகலில் ஆசிரியரும் மருத்துவரும் உளர். தனிமை வாட்டும் இரவில் எவர் உளர் என்ற கேள்வியே அதன் வித்து. பயிற்சி பெற்ற மாணவர்கள் இரவு முழுதும் தொலைபேசி அருகே இருப்பர். அழைப்பவர் பெயர் கூற வேண்டுவதில்லை. கேட்பவர் தீர்ப்புக் கூறார், அறிவுரையும் திணியார். பின்னர் இம்முறை வேறு பல பல்கலைக்கழகங்களுக்கும் பரவிற்று.

அமெரிக்காவில் அலிசன் மால்மன் என்னும் மாணவி, மன நோயை மறைத்து வாழ்ந்த தம் தமையனை 2000ஆம் ஆண்டில் இழந்தார். தாம் பயின்ற பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திலேயே மறு ஆண்டு ஒரு மாணவர் குழுவைத் தொடங்கினார். அதுவே 'ஆக்டிவ் மைண்ட்ஸ்' என்ற நாடளாவிய அமைப்பாக வளர்ந்தது. 2020 ஏப்ரலில் அவ்வமைப்பு மாணவரிடையே நடத்திய கணக்கெடுப்பில், தம் மனநலம் பெருந்தொற்றால் பாதிக்கப்பட்டதாக 80 விழுக்காட்டினர் கூறினர். அது மாணவர்க்குக் கற்பிக்கும் உரையாடல் முறை மூன்றே படிகள் கொண்டது. தோழர் உரைக்கும் துயரை உண்மையென ஏற்றல் முதற்படி. அதைச் சொன்ன துணிவைப் பாராட்டல் இரண்டாம் படி. தக்க உதவியிடம் சேர்ப்பித்தல் மூன்றாம் படி.

நம் நாட்டிலும் இவ்வெண்ணம் புதிதன்று. 2014 ஜனவரி 7 அன்று தொடங்கிய தேசிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டம், 10 முதல் 19 வயதினரின் மனநலத்தையும் தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டது. ஊர்தோறும் ஆண் இருவர், பெண் இருவர் என ஒத்த வயதுடைய வழிகாட்டிகளைத் தேர்ந்து பயிற்றுவிப்பது அதன் முறை. பள்ளிக்கு இரு ஆசிரியர்களை நலவாழ்வுத் தூதர்களாக்கி, மாணவர்களை அவர்தம் செய்தியாளர்களாக்கும் திட்டம் 2020 பிப்ரவரி 12 அன்று தொடங்கிற்று. ஒரு திங்களுக்குள் பள்ளிகளே மூடப்பட்டமை காலத்தின் கோலம்.

2020 ஏப்ரல் தொடக்கத்தில் பல்கலைக்கழக மானியக் குழு எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் கடிதம் விடுத்தது. விடுதிக் காப்பாளர் அல்லது மூத்த பேராசிரியர் தலைமையில் மாணவர் உதவிக் குழுக்கள் அமைக்க வேண்டும். உதவி தேவைப்படும் வகுப்புத் தோழரை அவை கண்டறிய வேண்டும் என்று அதில் அறிவுறுத்தியது. அவ்வாண்டு ஜூலை 21 அன்று நடுவண் அரசு 'மனோதர்பண்', அதாவது மனக் கண்ணாடி, என்ற பெயரில் மாணவர்க்கான உளநல உதவியைத் தொடங்கியது.

தமிழகத்தில் 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கப்பட்ட 'இல்லம் தேடிக் கல்வி'த் திட்டத்தையும் இவ்விடத்துச் சேர்த்து எண்ணலாம். அதன் நோக்கம் கற்றல் இழப்பை ஈடுசெய்தல். ஆயினும் மாலைதோறும் தெருவிலேயே பிள்ளைகளைக் கூட்டி அமர்த்திய தன்னார்வலர், நெடுநாள் அடைபட்டிருந்த சிறார்க்குப் பேச்சுத் துணையாகவும் அமைந்தனர். அண்டை வீட்டு அக்கா கேட்டால் பிள்ளை எதையும் சொல்லும் அன்றோ?

4. ஆற்றுப்படை கற்பிக்கும் இலக்கணம்

இம்முயற்சிகளை ஒப்பு நோக்கினால் நம் பழைய இலக்கிய வகையின் இலக்கணம் இவற்றுள் அமைந்திருத்தல் புலனாகும்.

முதலாவது, வழி கூறுவோன் எதிர்வருவோனின் இனத்தவன். பாணனைப் பாணனே ஆற்றுப்படுத்துவான். மாணவன் சொல் மாணவனுக்கு எளிதில் ஏறுவது இதனால்தான்.

இரண்டாவது, அவன் எதிர்வருவோனின் மெலிவை முதலிற் காண்கிறான். இகழாமல் இருத்திப் பேசுகிறான்.

மூன்றாவது, அவன் வழியை நன்கறிவான். எங்கே காடு, எங்கே ஊர், எவ்விடத்தில் தங்கலாம் என்பன அவனுக்குத் தெரியும்.

நான்காவது இலக்கணமே தலையாயது. ஆற்றுப்படுத்துவோன் தானே வள்ளல் ஆகிவிடுவதில்லை. பசியைத் தீர்ப்பவன் வள்ளல். வழியைக் காட்டுபவன் பாணன். தோழனின் துயரை முழுவதும் தானே தீர்த்துவிட முனையும் மாணவன், தன் தோளால் தாங்க இயலாத சுமையை ஏற்கிறான். ஈற்றில் இருவரும் வீழ்வர். இதனை மாணவர்க்குத் தெளிவாகக் கற்பித்தல் வேண்டும்.

5. செய்முறை

பள்ளியிலோ ஊரிலோ மாணவர் குழு அமைக்க விரும்புவோர் கீழ்க்காணும் படிகளைப் பயிற்றுவிக்கலாம்.

காணல்: உறக்கம், உணவு, பேச்சு, நட்பு ஆகிய நான்கில் இரு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் மாற்றத்தைக் கவனித்தல். ஒரு நாள் வாட்டம் இயல்பு. நாள்பட்ட வாட்டம் அறிகுறி.

அணுகல்: பலர் நடுவே கேட்கலாகாது. "என்னடா, ரெண்டு நாளா ஆளையே காணோம்?" என்ற எளிய வினாவே போதும். பெரிய சொற்கள் பிள்ளையை அச்சுறுத்தும்.

கேட்டல்: இடைமறியாது கேட்டல். "இதற்குப் போய் வருந்துகிறாயா?", "என் கஷ்டத்தைக் கேட்டால் உன்னுடையது ஒன்றுமில்லை", "தைரியமாக இரு" என்பன பேச்சை முடிக்கும் சொற்கள். "அப்புறம் என்ன ஆயிற்று?" என்பது பேச்சை வளர்க்கும் சொல்.

ஏற்றல்: "இது கடினந்தான், என்னிடம் சொன்னது நல்லது" என்று கூறுதல்.

வழிகாட்டல்: நம்பத்தக்க பெரியவர் ஒருவரிடம் தோழனை அழைத்துச் செல்லுதல். முகவரி கூறி அனுப்புவதைவிட உடன் நடப்பது சிறந்தது.

மீண்டும் வினாவல்: மூன்றாம் நாள் ஒருமுறை, ஒரு வாரங் கழித்து ஒருமுறை, "இப்போது எப்படி?" எனக் கேட்டல். பலர் மறப்பது இப்படியே. தன்னை ஒருவர் நினைவில் வைத்துள்ளார் என்பதே பாதி மருந்து.

6. எல்லைகள்

தோழன் கூறியதை ஊரறியப் பரப்புதல் பெரும் பிழை. அதைப் படம் பிடித்துப் பிறர்க்கு அனுப்புதல் அதனினும் பெரும் பிழை. ஆயின், "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று முன்னதாகவே வாக்களித்தலும் தகாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம், தன்னைத் தானே வருத்திக்கொள்ளல், பிறரால் இழைக்கப்படும் கொடுமை ஆகிய மூன்றும் வெளிப்படின் அன்றே ஒரு பெரியவரிடம் கூறியாக வேண்டும். அவ்வேளை தோழனைத் தனியே விடலாகாது. "நீ எனக்கு வேண்டும், அதனால்தான் சொல்கிறேன்" என்று அவனிடமே கூறிவிட்டுச் செய்யலாம். நட்பு முறியினும் உயிர் நிற்கும். உயிர் நின்றால் நட்பு மீளும்.

நோய்க்குப் பெயரிடுதலும் மருந்து கூறுதலும் மாணவர் வேலையல்ல. கேட்கும் மாணவருக்கும் ஓய்வு வேண்டும்; வாரம் ஒருமுறை பொறுப்பாசிரியரிடம் தம் சுமையை இறக்கிவைக்க இடம் வேண்டும். தேர்வுக் காலத்தில் அப்பொறுப்பிலிருந்து விடுபடும் உரிமையும் வேண்டும்.

7. பெரியோர் கடமை

இப்பாடத்தின் கருப்பொருள் இங்கேயே உள்ளது. பாணன் காட்டிய வழியே நடந்து சென்றவன் வள்ளலின் வாயில் அடைத்திருக்கக் கண்டால் என்னாகும்?

ஆசிரியை ஒருவர் உரைத்த வேறொரு செய்தி இது. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, உறங்காமலும் உண்ணாமலும் இருந்த தன் தோழியைப் பற்றி அத்தோழியின் குடும்பத்துப் பெரியவர் ஒருவரிடம் கூறினாள். "வயதுக் கோளாறு, இதை வெளியே பேசினால் நாளை இவளுக்கு மணம் பேசுவது எப்படி?" என்பதே விடை. சொன்ன பெண்ணையும் இனி வீட்டுக்கு வர வேண்டாம் என்றனர். துயருற்றவள் இருந்த ஒரே துணையையும் இழந்தாள். பல திங்கள் கழித்து, உடல் மிக மெலிந்த பின்னரே மருத்துவம் தொடங்கிற்று. நலம் பெற்றாள் என்பது ஆறுதல். வீணே கழிந்த அத்திங்கள்களுக்கு யார் பொறுப்பு?

யுனிசெப் நிறுவனம் 2021 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை இதனையே எண்ணால் உணர்த்துகிறது. மனத்துயருக்குப் பிறர் உதவியை நாடுவது நன்று எனக் கருதிய 15 முதல் 24 வயது வரையிலான இளைஞர், ஆய்வு நிகழ்ந்த 21 நாடுகளின் சராசரியில் 83 விழுக்காடு. இந்தியாவில் 41 விழுக்காடு. இளைஞர் இவ்வாறு கருதுவது எவரிடம் கற்ற பாடம்? நம்மிடம் கற்றதே. காய்ச்சலுக்கு மருத்துவரிடம் ஓடும் நாம், மனம் சோர்ந்தால் கதவைச் சாத்துகிறோம்.

கதவைத் திறந்து வைக்கத் துணைகள் இன்று உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநல மருத்துவம் பெறுவதை உரிமையாக்கியுள்ளது. நோயுற்றவர் பற்றிய செய்திகள் மறைபொருளாகக் காக்கப்பட வேண்டும் என்றும் விதிக்கிறது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. தமிழகப் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. திருவள்ளூரில் 2022 ஜனவரி முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. சென்னையில் மருத்துவர் இலட்சுமி விஜயகுமார் 1986இல் நிறுவிய 'சிநேகா' அமைப்பு, உயிரை வெறுத்து அழைப்போர்க்குச் செவிசாய்த்து வருகிறது. மாணவர் காட்டும் வழியின் முடிவில் இவையும், இவற்றிடம் அழைத்துச் செல்லும் பெற்றோரும் ஆசிரியரும் நிற்றல் வேண்டும்.

ஒரு பிள்ளை தன் தோழனைப் பற்றிக் கூற வந்தால் நாம் செய்ய வேண்டுவன மூன்று. கையிலுள்ள வேலையை நிறுத்திக் கேட்க வேண்டும். "நீ சொன்னது சரி" என்று அப்பிள்ளைக்குக் கூற வேண்டும். "இனி இது என் பொறுப்பு" என்று அதன் தோளிலிருந்து சுமையை வாங்கிக்கொள்ள வேண்டும். இம்மூன்றையும் செய்யும் பெரியவர் ஒருவர் பள்ளிதோறும் தெருதோறும் இருந்தால் மாணவர் முயற்சி நிலைபெறும். இல்லையேல் எத்துணைக் குழுக்கள் அமைத்தும் பயனில்லை.

8. சிந்திக்கவும் செய்யவும்

மாணவர்க்கு: உங்களுக்கு இடர் நேர்ந்தால் நீங்கள் தயங்காது பேசக்கூடிய பெரியவர் மூவர் பெயரை எழுதுக. மூவர் கிடைக்கவில்லையெனில் கிடைத்தவரை எழுதி, எஞ்சிய இடத்தில் 14416 என எழுதிக்கொள்க. அண்மையில் பேச்சுக் குறைந்துபோன தோழர் எவரேனும் உளரா? இன்று மாலையே ஒருமுறை அழைத்துப் பேசுக.

பெற்றோர்க்கு: அவ்வாறு மூவர் பெயரை எழுதுமாறு உங்கள் பிள்ளையிடம் கூறுக. அத்தாளில் உங்கள் பெயர் இருப்பின் மகிழ்க. இல்லாவிடினும் சினவாது, அதில் உள்ள பெயருக்குரியவரைச் சந்தித்து நன்றி கூறுக. அடுத்த முறை எழுதும்போது உங்கள் பெயரும் அதில் இடம்பெற என் செய்யலாம் என எண்ணுக.

ஆசிரியர்க்கு: வகுப்பில் இம்மாதம் முழுவதும் நீங்கள் பெயர் சொல்லி அழைக்காத மாணவர் எவர்? நாளைக் காலை முதலில் அவரை அழைக்க.